எந்த வரிசையில் வைத்தாலும்

வண்டி ஏறி இறங்கியபோது மிருதுளா அதை வேகத்தடை என்றுதான் நினைத்தாள்.

துடியலூர் சாலையில் அந்த இடத்தில் வேகத்தடை கிடையாது என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வந்துவிட்டது. வருடக்கணக்காக அதே சாலையில் அதே கம்பெனி வேனை ஓட்டுகிறவள். பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினாள். வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தால் சாலை துடைத்துவிட்டது போல இருந்தது. ஓரத்தில் செவ்வரளி வரிசை. நடுவில் நேற்றுத்தான் தார் போட்ட மாதிரி ஒரு மினுமினுப்பு.

"என்னாச்சுங்க மேடம்?" என்று முன்சீட்டில் இருந்த பெண் கேட்டாள்.

"ஏதோ ஏறிடுச்சுங்க."

"ரோட்டுல ஒண்ணுமே இல்லீங்களே."

வேனில் இருந்த மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் கண்ணாடி போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் வெறும் சாலைதான் தெரிந்தது.

மிருதுளா இறங்கி வண்டியின் பின்பக்கம் போனாள். எதுவும் இல்லை. திரும்ப நினைத்தபோது கால் வழுக்கியது. குனிந்து பார்த்தாள். காய்ந்த தார் மீதுதான் செருப்பு இருந்தது. ஆனால் விரல்களுக்கிடையில் ஏதோ வெதுவெதுப்பாக ஊறிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றினாள்.

செவ்வரளி இல்லை. அந்த இடத்தில் கறுப்புச் சகதி குவியலாகக் கிடந்தது. பக்கத்தில் மூடி திறந்த பாதாளச் சாக்கடைக் குழி. குழிக்கு வெளியே இடுப்பு வரை ஒரு மனிதன். கைகளை ஊன்றி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது சக்கரம் அவன் நெஞ்சின் மேல் போயிருக்கிறது. கண்கள் திறந்திருந்தன. அவளைத்தான் பார்த்தான். வாய் அசைந்தது. கண்ணாடியோடு சேர்ந்த காதுப் பொத்தானை அவள் பிடுங்கி எறிந்த பிறகுதான் அந்த முனகலும் கேட்டது.

மண்டியிட்டு அவன் தலையைத் தாங்கிப் பிடித்தாள். வேனிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மேடம், எதுக்கு நடுரோட்டுல உக்காந்திருக்கீங்க? எனக்கு மீட்டிங் இருக்குங்க."

"கண்ணாடியக் கழட்டுங்க!" என்று மிருதுளா கத்தினாள். "எல்லாரும் கழட்டித் தொலைங்க!"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் முன்சீட்டுப் பெண்தான் முதலில் கழற்றினாள். அவள் போட்ட அலறலில் மற்றவர்களும் கழற்றினார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் உயிர் போயிருந்தது. அவன் பெயர் அபினேஷ் என்று சட்டையில் தைத்திருந்த துணி வில்லையில் எழுதியிருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் அவளுடைய கண்ணாடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். கம்பெனி ஜாமீன் ஏற்பாடு செய்திருந்தது. விசாரணைக் குழு முடிவு சொல்லும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கணவன் கௌசிக்குக்குச் சொல்லக் கண்ணாடி வேண்டும், அது இல்லை. நடந்தே கிளம்பினாள்.

அவள் பிறந்த காலத்தில் செல்போன் இருந்தது. கண்ணாடி வந்த பிறகு செல்போன் போய்விட்டது. முதலில் வழி காட்டியது, மொழிபெயர்த்தது. அப்புறம் ஆளாளுக்குத் தேவையான செருகிகளைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். கண்ணுக்கும் உலகத்துக்கும் நடுவே உட்கார்ந்து, பார்ப்பதைக் கொஞ்சம் திருத்திக் கொடுக்கும் சின்னச் சின்ன நிரல்கள் அவை. வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் 'காவலன்' கட்டாயம். சாலையில் மனிதர் யார் வந்தாலும் அவரைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். பனியிலும் மழையிலும் அந்தக் கோடு எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, பொய்யில்லை. அதைக் கம்பெனியின் மேனேஜர் ஏற்றிவிடும். மேனேஜர் என்றால் ஆள் இல்லை. செருகிகளை வரிசைப்படுத்தி ஏற்றுகிற இன்னொரு நிரல்.

மிருதுளா குடியிருந்த அடுக்குமாடியில் வேறொரு மேனேஜர் இருந்தது. சங்கம் வாங்கிப் போட்டது. அது 'நந்தவனம்' என்ற செருகியை ஏற்றும். குப்பைமேடு பூச்செடியாகும். உடைந்த சுவருக்கு வெள்ளையடித்துவிடும். பதிவு இல்லாத ஆட்களைக் காட்டாது. பதிவு என்பது குடியிருப்பவர்கள், அவர்களுடைய விருந்தாளிகள், அலுவலகத்துக்காரர்கள். மற்றவர்களின் குரலையும் சேர்த்து வடிகட்டிவிடும். முதலில் மிருதுளா அதை வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள். மகள் நிலானிக்கு நான்கு வயதாக இருந்தபோது, கேட் அருகே சாக்கடையிலிருந்து உடம்பெல்லாம் சகதியோடு ஒருவர் வெளியே வந்ததைப் பார்த்து குழந்தை வீரிட்டு அழுதது. வாரக்கணக்கில் தூங்கவில்லை. அதன் பிறகு போட்டுக்கொண்டாள். போட்ட பிறகு வாழ்க்கை நன்றாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

இப்போது வெறும் கண்ணோடு நடந்தபோது ஊர் நிரம்பி வழிந்தது. நடைபாதையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறவர்கள், தள்ளுவண்டிகள், மின்கம்பத்தில் சாய்ந்து தூங்கும் ஒருவர், தலையில் செங்கல் சுமக்கும் பெண்கள். இத்தனை பேரும் எங்கே இருந்தார்கள் என்று நினைத்தாள். இதே இடத்தில்தான் இருந்திருப்பார்கள். அவள்தான் அவர்கள் நடுவே வண்டி ஓட்டிப் போயிருக்கிறாள்.

நல்ல உடை உடுத்திய ஒருவன் நேராக வந்து அவள் மேல் மோதினான். திடுக்கிட்டு நின்று, காற்றைத் தடவுவது போலக் கையை நீட்டிவிட்டு, வேறு பக்கம் விலகிப் போனான். கண்ணாடி அருகில் இல்லாமல் அவளுடைய பதிவு யாருக்கும் போய்ச் சேராது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுக்குமாடி கேட்டில் காவலாளி அவளைத் தாண்டிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியைத் தட்டிக் கத்தினாள். சத்தம் வந்த திசையில் லத்தியை ஓங்கினார். கடைசியில் ஒரு கல்லை எடுத்துச் சங்க அலுவலக ஜன்னலில் எறிந்தாள். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து கௌசிக் ஓடிவந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான்.

"மிரு! என்ன இது, உடம்பெல்லாம் ரத்தம்!"

வீட்டுக்குள் போனதும் அவன் முதலில் செய்த வேலை, அவளைத் தன் பதிவில் கையால் சேர்த்ததுதான். "இனி எனக்கும் பாப்பாவுக்கும் நீ தெரிவ" என்றான். கண்ணாடியைக் கீழே இறக்கினான். அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் முகத்தில் ஒரு குழப்பம்.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. உன் கண்ணாடி இல்லாததால பழைய போட்டோவ வெச்சு உன்னைக் காட்டுது. நிலானி பொறந்தநாள்ல எடுத்தது." தயங்கினான். "நீ சிரிச்சுட்டே அழுவற மாதிரி இருக்கு."

"அதக் கழட்டி வெச்சுட்டுத்தான் பாருங்களேன்."

அவன் கழற்றினான். கொஞ்ச நேரம் பார்த்தான். அவள் முகத்தையும் நகத்தில் காய்ந்திருந்த ரத்தத்தையும் பார்த்துவிட்டு, "பாப்பா வர்றதுக்குள்ள குளிச்சுடு" என்று சொல்லி மறுபடி மாட்டிக்கொண்டான்.

விசாரணைக் குழுவுக்காகக் கண்ணாடியைப் பிரித்துப் பார்த்தவர் லோகேஷ்வரன். ஐம்பது வயதிருக்கும். ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு மாடியறையில் அவருடைய ஆய்வகம். வயர்களுக்கு நடுவே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?" என்றார்.

"வேண்டாங்க. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியோணும். காவலன் போட்டிருந்தேன். கம்பெனிதான் ஏத்திக் குடுத்தாங்க. அப்பறம் ஏன் அந்த ஆளு தெரியல?"

லோகேஷ்வரன் தாடையைச் சொறிந்துகொண்டார். "சின்னப் பையனா இருந்தப்ப நான் கம்ப்யூட்டர் கேம்ஸ் பைத்தியம்ங்க. கேமை அப்படியே ஆட மாட்டோம். மாட்னு, கேமை மாத்தற குட்டி நிரலுகளப் போடுவோம். குதிரைய மாத்தறது, மழைய மாத்தறது, ஊரையே மாத்தறது. நெறையப் போட்டா ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கும். அதுக்குத்தான் மேனேஜர். எது முதல்ல ஏறோணும், எது அப்பறம் ஏறோணும்னு வரிசை வெக்கும். ஒரே எடத்த ரெண்டு மாட் மாத்துச்சுன்னா கடைசியா ஏறுறது ஜெயிக்கும். அவ்வளவுதான் சட்டம்."

"ரெண்டு மேனேஜர் இருந்தா?"

"அதச் செய்யாதீங்கன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நாங்க செய்வோம். ஒண்ணு வெச்ச வரிசை இன்னொண்ணுக்குத் தெரியாது. ரெண்டும் தாந்தான் கடைசின்னு நெனச்சுக்கும். கேம் நின்னு போனாப் பரவாயில்லீங்க, சரி பண்ணிக்கலாம். அது நிக்காது. அது பாட்டுக்கு அழகா ஓடும். ஆத்து மேல பாலம் மட்டும் இருக்காது. இல்லாட்டி வீட்டுக்குள்ள ஆள் இருப்பான், வீட்டுக்குக் கதவு இருக்காது."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"சிரிப்போம். எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி ஏத்துவோம்."

அதைச் சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. மேஜைத் திரையைத் திருப்பினார். "உங்க கண்ணாடியோட கேமரா திருத்தறதுக்கு முன்னால பார்த்தது இது. பாக்க முடியலைன்னாச் சொல்லுங்க, நிறுத்தீர்றேன்."

மிருதுளா பார்த்தாள். சகதிக் குவியல். குழியிலிருந்து ஒரு கை, பிறகு தலை, தோள். அவன் வேனைப் பார்க்கிறான். ஒரு கையைத் தூக்கி ஆட்டுகிறான். வாயைத் திறந்து கத்துகிறான். இன்னொரு கை வழுக்குகிறது. லோகேஷ்வரன் நிறுத்தினார்.

"இப்ப, காவலன் முதல்ல, நந்தவனம் கடைசி." மறுபடி ஓட்டினார். தலை தெரிந்ததும் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்தது. ஒரு சிமிட்டல். கோடும் ஆளும் சேர்ந்து அழிந்தார்கள். செவ்வரளி பூத்தது.

"அதுதான்!" என்றாள் மிருதுளா. "வரிசைய மாத்தியிருந்தா அவரு பொழைச்சிருப்பாருங்களா?"

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன். நந்தவனத்த முதல்ல வெச்சு, காவலனக் கடைசியா ஏத்திப் பார்த்தேன்." ஓட்டினார். சாலை வெறுமையாக இருந்தது. சிவப்புக் கோடே விழவில்லை. "நந்தவனம் முதல்லயே ஆளை எடுத்துருது. காவலன் வந்து பாக்கறப்ப ரோட்டுல யாருமே இல்ல. இல்லாத ஆளுக்கு அது எப்படிக் கோடு போடும்?"

"அப்ப எந்த வரிசையில வெச்சாலும்..."

"எந்த வரிசையில வெச்சாலும் அந்த ஆள் இல்லீங்க."

ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. மிருதுளா திரையில் தெரிந்த வெறும் சாலையை விரலால் தொட்டாள். பிறகு, "அப்ப நந்தவனத்த எடுத்துற வேண்டியதுதானே?" என்றாள்.

"யாருங்க எடுப்பாங்க? ஊர்ல பாதிப் பேரு அதுல இருக்காங்க. குழுத் தலைவரு வீட்டுலயும் அதுதான். என் அறிக்கைல என்ன எழுதியிருக்கேன் தெரியுங்களா? ரெண்டு செருகியும் அதது வேலையச் சரியாச் செஞ்சிருக்கு. ரெண்டு மேனேஜரும் சரி. பிழை எதுவும் இல்ல." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு நல்லதுதாங்க. உங்க மேலயும் பிழை இல்லைன்னு வந்துரும்."

படி இறங்கும்போது மிருதுளாவுக்கு ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது. நந்தவனம் போட்டுக்கொண்ட புதிதில், ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வேனோடு வந்துகொண்டிருந்தாள். சாலையோரம் பூச்செடிகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. ஆள் வடிவக் கோடு, உள்ளே ஆள் இல்லை. மினுங்கிவிட்டு அணைந்துபோனது. அது என்ன என்று அவளுக்கு அப்போதே புரிந்தது. யாரிடமாவது சொன்னால் ஏதாவது ஒன்றைக் கழற்றச் சொல்வார்கள் என்றும் புரிந்தது. காவலனைக் கழற்றினால் வேலை இல்லை. நந்தவனத்தைக் கழற்றினால் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் நிலானி அழுவாள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஓட்டினாள். சில நாளில் அதுவும் மறந்துவிட்டது.

அபினேஷின் வீடு உக்கடம் பக்கம் அடுக்குக் குடியிருப்பில் இருந்தது. அவன் மனைவி சுவேதா மருந்துக் கடையில் பில் போடுகிறவள். கதவைத் திறந்தவள் மிருதுளா யார் என்று கேட்டுவிட்டு, கதவை மூடாமல் வழியையும் விடாமல் அப்படியே நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"தெரியலீங்க. வராம இருக்க முடியல."

சுவேதா உள்ளே போனாள். மிருதுளா பின்னாலேயே போனாள். சுவரில் படம், அதற்கு மாலை. அதன் கீழே சார்ஜரில் ஒரு கண்ணாடி செருகியபடி இருந்தது. மிருதுளா அதைப் பார்ப்பதைச் சுவேதா கவனித்தாள்.

"அவருதுதான். சாயங்காலம் கிரிக்கெட் பாக்கறதுக்குப் போடுவாரு. வேலைக்குப் போட்டுட்டுப் போகக் கூடாது, குழிக்குள்ள ஆவி படிஞ்சு கெட்டுப்போயிரும்னு காண்ட்ராக்டர் சொல்லிட்டாரு. போட்டிருந்தாலும் உங்க சங்கத்துல பதிஞ்சு விட்டிருப்பாங்களா?"

மிருதுளா அந்தக் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தாள்.

"எங்கள மறைச்சு வெச்சிருக்கறது எங்களுக்குத் தெரியும்ங்க. உங்களுக்குத்தான் தெரியாது. ரோட்டுல வேலைன்னா ரெண்டு பேரு போவாங்க. ஒருத்தரு குழியில, இன்னொருத்தரு நடுரோட்டுல பெரிய ட்ரம்மப் போட்டு வழிய மறிச்சுட்டு நிப்பாரு. பொருள்னா உங்க கண்ணாடி காட்டும்ல, அதுக்காக. அன்னைக்கு இன்னொரு ஆளை வேற எடத்துக்கு அனுப்பிட்டாங்க. ட்ரம்மும் அவரு கூடப் போயிருச்சு." அவள் குரல் உயரவில்லை. "எல்லாரும் வந்து சொல்லீட்டாங்க. காண்ட்ராக்டர் தப்பில்லையாம். கம்பெனி தப்பில்லையாம். மிஷின் தப்பில்லையாம். உங்க தப்பும் இல்லையாம். யாருமே ஒண்ணும் செய்யலைன்னா அவரு எப்படிங்க செத்தாரு?"

"நான் பார்த்திருக்கேன்" என்றாள் மிருதுளா.

"எத?"

"ஆளில்லாம கோடு மட்டும் வந்துட்டுப் போறத. ரொம்ப முன்னாலயே. என்னன்னு தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

சுவேதா அடிப்பாள் என்று தோன்றியது. அவள் கை எழும்பவும் செய்தது. ஆனால் அந்தக் கை அலமாரியைப் பிடித்துக்கொண்டது.

"இத எங்கிட்டச் சொல்லி என்னாகப் போகுது? அங்க வந்து சொல்லுவீங்களா? அவங்க எழுதிக்கறாங்கல்ல, அதுல வர்ற மாதிரி சொல்லுவீங்களா?"

"சொன்னா ஜெயிலுங்க."

"தெரியும்."

மிருதுளா மாலை போட்ட படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "சொல்றேன்" என்றாள். சுவேதா நம்பியது போலத் தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னபோது கௌசிக் தட்டை அப்படியே தள்ளிவிட்டான். "உனக்குப் பைத்தியமா? தப்பில்லைன்னு அவங்களே சொல்றாங்க. நீ ஏன் போய்த் தலையக் குடுக்கற? பாப்பாவ நெனச்சுப் பார்த்தியா?"

"அவள நெனச்சுத்தாங்க இத்தன நாளும் கண்ணை மூடிட்டு ஓட்டுனேன்."

நிலானி அறைக் கதவருகே நின்றிருந்தாள். கண்ணாடியில் அம்மா சிரித்த முகமாகவே இருந்திருக்க வேண்டும். "அம்மாவும் அப்பாவும் வெளையாடறீங்களா?" என்று கேட்டாள்.

விசாரணை நாளில் கம்பெனி வக்கீல் அஷ்வந்த் வாசலிலேயே காத்திருந்தான். இளைஞன், மரியாதையானவன். "அக்கா, பயப்படாதீங்க. ரெண்டு மேனேஜர் இருந்தது எனக்குத் தெரியாதுன்னு சொன்னாப் போதும். ஒரு நிமிஷத்துல முடிஞ்சுரும்" என்றான்.

"நான் சொல்ல வேண்டியத நானே சொல்லிக்கறேன் தம்பி."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். வாதாடவில்லை. "உங்க இஷ்டம்க்கா" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மைக்கை அவள் புடவைத் தலைப்பில் குத்திவிட்டான். "உங்க கண்ணாடி அவங்ககிட்ட இருக்கறதால உங்க பேச்சு இது வழியாத்தான் உள்ள கேக்கும். எல்லா சாட்சிக்கும் குடுக்கறதுதான்."

மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி. மூவரும் கண்ணாடி அணிந்திருந்தார்கள். அறையின் கடைசி வரிசையில் சுவேதா கண்ணாடி இல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து நாற்காலியில் ஒரு குமாஸ்தா தன் பையை வைக்க வந்து, தவறி அவள் மடியிலேயே வைத்துவிட்டுப் பதறினார்.

"சொல்லுங்கம்மா" என்றார் தலைவர். குரலில் கனிவு இருந்தது.

மிருதுளா எழுந்தாள். நந்தவனத்தை ஏன் போட்டாள் என்று சொன்னாள். ஆளில்லாத கோட்டைப் பார்த்ததைச் சொன்னாள். "அது ஒரு மனுசன்னு எனக்குத் தெரியும்ங்க ஐயா. தெரிஞ்சுதான் ரெண்டையும் வெச்சு ஓட்டுனேன். என்னைக்காவது ஒரு நாள் இப்படி ஆகும்னு உள்ளுக்குள்ள தெரியும். அபினேஷைக் கொன்னது நாந்தான். நந்தவனம் போட்டிருக்கற எல்லாரும் அதுல சேத்தி. ஆனா சக்கரத்த ஏத்துனது நான்."

தலைவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

"நல்லதும்மா. உங்கள் வாக்குமூலம் பதிவாகிவிட்டது. ஒருமுறை வாசிக்கிறேன், சரிபாருங்கள்." தலைவர் காற்றில் தெரிந்த எழுத்துகளைப் படித்தார். "'இரண்டு மேலாண்மை நிரல்கள் இயங்கியது எனக்குத் தெரியாது. சாலையில் யாரையும் நான் காணவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.'"

மிருதுளாவுக்கு முதலில் விளங்கவில்லை. "ஐயா, நான் அப்படிச் சொல்லலீங்க."

தலைவர் புன்னகைத்தார். "நன்றியம்மா."

"எனக்குத் தெரியும்னு சொன்னேன்! தெரிஞ்சுதான் செஞ்சேன்னு சொன்னேன்!"

"நீங்கள் மறுபடி மறுபடி வருத்தம் தெரிவிப்பதைக் குழு மதிக்கிறது. போதும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்."

தலைப்பில் இருந்த மைக்கைப் பிய்த்து எறிந்தாள். கத்தினாள். மூவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பரிவோடு. அவர்கள் கண்ணில் யாரோ ஒருத்தி கைகூப்பி நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். தலைவரும் பதிலுக்குக் கைகூப்பினார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த லோகேஷ்வரன் மட்டும் தன் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, காதுப் பொத்தானைக் கழற்றினார். கேட்டார். முகம் வெளுத்தது. மறுபடி கண்ணாடியை இறக்கினார், தூக்கினார். அஷ்வந்த் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிவை அங்கேயே வாசித்தார்கள். யார் மீதும் பிழை இல்லை. இரு மேனேஜர்களும் இணக்கமாக இயங்குவதற்கான வழிகளை ஆராயப் பரிந்துரை. ஓட்டுநர் திங்கட்கிழமை முதல் பணிக்குத் திரும்பலாம்.

வராந்தாவில் லோகேஷ்வரன் வேகமாக வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"அங்க மூணாவது ஒண்ணு ஓடிட்டு இருக்குங்க" என்றார், தாழ்ந்த குரலில். "கம்பெனியோட வக்கீல் தரப்பு வெச்சது. சாட்சி பேச்சத் திருத்தறது. சத்தியமா எனக்குத் தெரியாது. கடைசியா ஏறுறது அதுதான்."

"அப்ப உள்ள போய்ச் சொல்லுங்க."

"எது வழியாச் சொல்லறது?" அவர் கையை விரித்தார். "நான் பேசுனாலும் அது வழியாத்தானே போகோணும்."

"அவங்க கண்ணாடியப் புடுங்கிட்டுச் சொல்லுங்க!"

அவர் அறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் உள்ளே போய்விடுவார் என்றுதான் மிருதுளா நம்பினாள். லோகேஷ்வரன் நெற்றியிலிருந்த கண்ணாடியை மெல்லக் கீழே இறக்கினார். "நான் கெளம்பறேங்க" என்றார். அவள் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, காற்றைப் பார்த்துச் சொன்னார்.

குமாஸ்தா அவளுடைய கண்ணாடியைப் புதிய உறையில் போட்டு, அவள் பெயரை எழுதி வராந்தா மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மிருதுளா உறையைத் தொடவில்லை. வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். எதிரே அகலமான சாலை. வண்டிகள் ஒன்றையொன்று உரசுவது போலப் பறந்தன.

பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. சுவேதா.

"நான் சொன்னேன்" என்றாள் மிருதுளா. "நான் சொன்னேங்க. அவங்களுக்குப் போய்ச் சேரல."

"எனக்குக் கேட்டுச்சு."

மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் மன்னிப்பு இல்லை. அழுத தடமும் இல்லை.

"அது பத்தாதுங்க" என்றாள் சுவேதா. "எனக்குப் பத்தாது. அவருக்கும் பத்தாது. ஆனாக் கேட்டுச்சு."

படியை விட்டு இறங்கிச் சாலை ஓரத்துக்குப் போனாள். மிருதுளாவும் எழுந்து பின்னால் போனாள். அந்தப் பக்கம்தான் இருவருக்கும் பஸ். வண்டிகளில் இருந்த எந்த முகமும் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. ஒரு கார் வேகம் குறைக்காமல் சுவேதாவின் சேலை நுனியைத் தட்டிக்கொண்டு போனது. அவள் அசையவில்லை, பழகியவளாக நின்றாள்.

"கோடும் வராது, பிரேக்கும் அடிக்க மாட்டாங்க" என்றாள், திரும்பாமலேயே. "லாரி பின்னால எடம் விழும், அப்பப் போகோணும். என் பின்னாலயே வாங்க. முன்னால வந்துறாதீங்க."

லாரி ஒன்று கடந்தது. சுவேதா சாலையில் காலை வைத்தாள்.